மலையை எரித்தவள்

ஏலப்பாறைக்கு மேலே இருந்த அந்த டீ எஸ்டேட்டுக்கு நான் போனது எழுபதுகளின் நடுவில், எனக்குக் கல்யாணமான இரண்டாம் வருஷம். மீனாட்சிபுரத்தில் என் கணவருக்கும் அவருடைய அண்ணன்மாருக்கும் கிணற்றுத் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுவதில் சண்டை வந்தது. பேச்சு முற்றிக் கைகலப்பாகி, ஒரே வீட்டில் இருக்க முடியாத நிலைமை ஆனது. அடுத்த மாதமே அவர் மலையில் வேலை தேடிக்கொண்டார். எஸ்டேட்டின் மாட்டுப்பட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பதினொரு மாடுகள். பால் ஆஸ்பத்திரிக்கும் பங்களாவுக்கும் ஆபீஸ்காரர்கள் வீடுகளுக்கும் போகும். சாணம் நாற்றங்காலுக்குப் போகும். மாட்டை நன்றாக அறிந்த ஆள் ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் மாட்டை அறியாத ஆளே கிடையாது.

பொள்ளாச்சி, தேனி, கம்பம், குமுளி என்று பஸ் மாறி மாறிப் போய் இறங்கினோம். அந்த மலையைக் கண்டதுமே எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் ஊரில் வானம் நாலு பக்கமும் தரையில் போய் உட்காரும். மழை வருவதானால் அரை மணி நேரம் முன்பே தெரிந்துவிடும். காயப்போட்ட துணியை எடுத்து, கன்றுக்குட்டியைக் கொட்டகைக்குள் கட்டி, வாசலில் நின்று அது வருவதைப் பார்க்கலாம். இங்கே எதிரில் ஒரு மலை, முதுகுக்குப் பின்னால் ஒரு மலை. தலைக்கு மேல் வந்து நின்ற பிறகுதான் மேகம் இருப்பதே தெரியும். கால் வைக்கும் இடமெல்லாம் சரிவு. ஒரு குடத்தைக்கூட நேராக வைக்க முடியாது.

பட்டி ஓர் ஓடையின் கரையில், தாழ்ந்த இடத்தில் இருந்தது. அதை ஒட்டி எங்களுக்கு ஓர் அறை. ஓடைக்கு அந்தப் பக்கம், மேட்டில், தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு மரப்பாலம். லயங்களில் இருந்தவர்கள் எல்லோரும் திருநெல்வேலி, மதுரைப் பக்கத்திலிருந்து பாட்டன் காலத்தில் மலையேறியவர்கள். எங்கள் பேச்சு அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. நான் "ஏனுங்க" என்றால் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நான் பாலத்தைத் தாண்டிப் போவதைக் குறைத்துக்கொண்டேன். குடிதண்ணீர்க் குழாய் மட்டும் லயத்தில்தான் இருந்தது. அதற்காகக் காலையும் மாலையும் போக வேண்டியிருந்தது.

அந்த லயத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களில் மூத்தவள் ஒருத்தி. நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். உயரமானவள், கட்டைக் குரல். அவள் புருஷன் வேனல் மாதங்களில் மலை உச்சியில் காவல் இருக்கும் வாச்சர். புகை கண்டால், அங்கே தொங்கவிட்டிருக்கும் தண்டவாளத் துண்டைச் சம்மட்டியால் அடிக்க வேண்டும். அதுதான் அவருடைய வேலை. அதனால் அவளை எல்லோரும் வாச்சர் வீட்டம்மா என்பார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தவர்களில் அவள் கிடையாது. என்னை அவள் கவனித்ததே இல்லை என்று நினைக்கிறேன்.

நாங்கள் போன அடுத்த வருஷம் கோடை கொடுமையாக இருந்தது. மார்கழியிலிருந்து ஒரு சொட்டு மழை இல்லை. கம்பம் பக்கத்திலிருந்து காய்ந்த காற்று தினமும் பத்து மணிக்கு எழும்பிச் சாயங்காலம் வரை அடிக்கும். பட்டிக்கு மேலே மலை முழுவதும் ஆளுயரப் புல். அது வைக்கோலாகி, நடந்தால் சரசரவென்று உடைந்தது. உதடு வெடித்து ரத்தம் வந்தது. மாடுகள் அந்தப் புல்லை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. பால் பாதியாகக் குறைந்தது. ஆபீஸிலிருந்து இரண்டு முறை கேட்டனுப்பினார்கள். மூன்றாம் முறை மேனேஜரே வந்து பட்டி வாசலில் நின்றார். அவரை எல்லோரும் துரை என்றுதான் கூப்பிடுவார்கள். கோட்டயம் பக்கத்து மலையாளி. அவர் கத்தவில்லை. "மாட்டுக்காரனை மாற்றினால் பால் வருமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

அன்று முழுவதும் என் கணவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலை விடிந்ததும் என்னை எழுப்பினார்.

"பொறகால இருக்கற பள்ளத்துல ஒரு பொட்டுப் புல்லக் கொளுத்தி உட்டரலாம் புள்ள. பத்து நாள்ல பச்ச வந்துரும். மாடு வாய வெக்கும்."

"வேண்டாமுங்க. தீ வெக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கறாங்க."

"இப்பக் காத்தே இல்ல. ஒரு பக்கம் பாற, ஒரு பக்கம் தடம். எங்க போயிரும்? நீ கொப்ப வெச்சுட்டு நில்லு. தாண்டி வந்தா அடிச்சுப்போடலாம்."

போனேன். கையில் பச்சைக் கொப்புகள். பள்ளத்தின் ஓரத்தில் நின்றேன். அவர் தீக்குச்சி கிழித்தார். முதலில் அவர் சொன்னபடியே நடந்தது. தீ சின்னதாக, சத்தமில்லாமல், தரையோடு தரையாக ஊர்ந்தது. இதற்காகவா பயந்தோம் என்று எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. பிறகு அது பள்ளத்தின் நடுவில் அடர்ந்து கிடந்த புதருக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே ஒரு மூச்சு விட்ட மாதிரி இருந்தது. காற்று எங்கிருந்தோ வரவில்லை. தீயே காற்றை இழுத்துக்கொண்டது. எரிகிற புல் கற்றை ஒன்று மேலே எழும்பி, தடத்தைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்தது. நான் ஓடிப்போய் அடித்தேன். அடித்த இடத்துக்கு இரண்டு பக்கமும் பற்றிக்கொண்டது. என் முன்மயிர் கருகிய நாற்றம் எனக்கே வந்தது. அவர் இன்னொரு பக்கம் அடித்துக்கொண்டிருந்தார். பிறகு கொப்பைப் போட்டுவிட்டு வந்து என் கையைப் பிடித்தார்.

"வா. போயரலாம். ஆராச்சும் பாத்துட்டா நம்ம பொழப்பு முடிஞ்சுது."

ஓடினோம். ஓடையில் முகம் கழுவினேன். பட்டிக்கு வந்து, செம்பை எடுத்துக்கொண்டு கறக்க உட்கார்ந்தேன். அவசரத்தில் காம்பை இறுக்கிப் பிடித்ததில் மாடு உதைத்தது. இரண்டு செம்பு பால் கறந்திருப்பேன், உச்சியிலிருந்து தண்டவாளத்தை அடிக்கும் சத்தம் கேட்டது. வாச்சர் எதிர்ச் சிகரத்தில் இருந்தார். அங்கிருந்து பார்த்தால் எங்கள் பள்ளம் தெரியாது. புகை மேலே எழும்பிய அந்த நிமிஷமே அவர் அடித்துவிட்டார். அதைவிடச் சீக்கிரம் யாராலும் அடித்திருக்க முடியாது. அது எனக்குத் தெரியும்.

பத்து மணிக் காற்று வந்ததும் தீ மலையேறியது. நான் அதுவரை காட்டுத்தீயைப் பார்த்ததில்லை. பெரிய ஜவுளிக்கடையில் துணியைக் கிழித்துக்கொண்டே இருப்பது போல ஒரு சத்தம். கொழுந்து பறிக்கப் போனவர்களையெல்லாம் நிறுத்தித் தீயணைக்க அனுப்பினார்கள். ஆண், பெண் எல்லோரும் கொப்போடு போனார்கள். நானும் என் கணவரும் போனோம். எங்கள் கையால் வைத்த தீயை அவர்களோடு வரிசையில் நின்று நாங்களும் அடித்தோம். முயல்கள் எங்கள் காலுக்கிடையில் ஓடின. யூக்காலிப்டஸ் தோட்டத்துக்குள் தீ புகுந்ததும் மரங்கள் படார் படாரென்று வெடித்தன. இலையிலுள்ள எண்ணெய் அப்படிப் பிடித்தது. எஸ்டேட்டின் ஒரு வருஷத்து விறகு அது. இரண்டு நாள் எரிந்தது. தேயிலையிலும் ஓரமாக நாலைந்து வரிசை கருகிப்போனது. பெண்களில் பலருக்கு உள்ளங்கை கொப்புளித்து ஒரு வாரம் கொழுந்து பறிக்க முடியாமல் போனது. தீ அடங்கியபோது மலை முழுவதும் கரி. காலை வைத்தால் கணுக்கால் வரை சாம்பல்.

மூன்றாம் நாள் ஆபீஸ் வாசலில் விசாரணை. துரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆபீஸ் கிளார்க் பக்கத்தில் நின்று எழுதினார். எதிரே வாச்சர், வேட்டியெல்லாம் கரி. ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். கூட்டத்தில் வாச்சர் வீட்டம்மா முன்வரிசையில் நின்றாள்.

என் கணவரைக் கேட்டார்கள். பட்டியில் இருந்தேன், ஒன்றும் தெரியாது என்றார். பிறகு என்னைக் கேட்டார்கள்.

"நானும் பட்டியிலதானுங்க இருந்தேன். பால் கறந்துட்டு இருந்தனுங்க. ஆரையும் பாக்கலீங்க."

கிளார்க் தலையைத் தூக்காமல் கேட்டார். "வாச்சர் மலையில பீடி குடிக்கிறதப் பாத்திருக்கியா?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அது எங்களுக்கு எப்பேர்ப்பட்ட வழி என்பது கேட்ட மாத்திரத்தில் விளங்கிவிட்டது.

"பாத்திருக்கறனுங்க. குடிப்பாருங்க."

அது பொய் இல்லை. அவர் பீடி குடிப்பதைப் பல நாள் பார்த்திருக்கிறேன். அந்த எஸ்டேட்டில் பீடி குடிக்காத ஆம்பிளை நாலு பேர்கூட இருந்திருக்க மாட்டார்கள். வாச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நான் அந்தப் பள்ளத்துப் பக்கமே போகல துரை" என்றார். துரை எழுந்து உள்ளே போய்விட்டார். வாச்சரை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பதினெட்டு வருஷம் நிரந்தர ஆளாக இருந்தவரை ரோட்டு வேலைக்குத் தினக்கூலியாகப் போட்டார்கள்.

அன்று சாயங்காலம் குழாயடிக்குப் போனேன். எனக்கு முன்னால் நாலு குடம் இருந்தது. ஐந்தாவதாக என் குடத்தை வைத்தேன். வாச்சர் வீட்டம்மா வந்தாள். என் குடத்தைக் காலால் ஒதுக்கிவிட்டு, தன் குடத்தை அங்கே வைத்தாள்.

"மலைய எரிச்சவளுக்குத் தண்ணி எதுக்குட்டி?"

"நான் எதுக்குங்கக்கா எரிக்கறேன்? வாய்க்கு வந்ததப் பேசாதீங்க."

"யாரு மாடு வச்சிருக்கா? புல்லு யாருக்கு வேணும்? ஒம் முன்மயிரு ஏன் கருகிக் கெடக்கு?"

"நானும் தீ அடிக்க வந்தனுங்களே. அதுல கருகுச்சுங்க."

"நீ வரும்போதே கருகித்தான் வந்த. நான் பாத்தேன்."

நான் என் குடத்தை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றேன். மற்ற பெண்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. அன்று முதல் எனக்குக் குழாயில் இடம் கிடையாது. எல்லோரும் பிடித்து முடித்த பிறகு ஒழுகுகிற தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்தேன். நான் பாலத்தில் ஏறினால் எதிரே வருகிறவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள். ஒரு நாள் கன்றுக்குட்டியின் வாலை யாரோ நறுக்கிவிட்டிருந்தார்கள். எங்கள் கதவில் சாணி எறிந்திருந்தார்கள். நான் அவளை வெறுத்தேன். அவள் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை என்பதால் இன்னும் அதிகமாக வெறுத்தேன். அவளுக்குக் கண் தெரியாமல் போகட்டும் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன். வேண்டிக்கொண்டதை ஒளிப்பதில் இப்போது பிரயோஜனம் இல்லை.

என் கணவர் அதைப் பற்றிப் பேசவே மாட்டார். நான் எடுத்தால் எழுந்து மாட்டுப் பக்கம் போய்விடுவார்.

அவர் சொன்ன பச்சையும் வரவில்லை. மழை இல்லாமல் எங்கிருந்து வரும்? இருந்த காய்ந்த புல்லும் போய், மாட்டுக்குத் தீனியே இல்லாமல் ஆனது. பச்சை மிச்சமிருந்த ஒரே இடம் ஓடைக்குள்தான். தண்ணீர் இரண்டு சின்ன வாய்க்காலாகச் சுருங்கியிருந்தது. நடுவில் ஒரு மணல் திட்டு. அதில் நாணலும் கோரையும் கொஞ்சம் நின்றன. நான் தினமும் மத்தியானத்துக்கு மேல் அரிவாளும் கூடையுமாக அந்தத் திட்டுக்குப் போய் அறுத்துக்கொண்டு வருவேன்.

சித்திரை பிறந்து சில நாள். ஞாயிற்றுக்கிழமை. லயத்துப் பெண்கள் ஓடையின் அந்தக் கரையில், எனக்குக் கொஞ்சம் கீழே, பாறைகளில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். பத்துப் பேர் இருக்கும். வாச்சர் வீட்டம்மாவும் இருந்தாள். என் கணவர் இந்தக் கரையில் பட்டியில் மாடுகளைக் கட்டி, தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். மூன்று மணி ஆகியிருக்கும். புழுக்கம் தாங்க முடியவில்லை. காற்று செத்துப்போயிருந்தது. உச்சியின் மேல் மட்டும் மேகம் கருத்து நின்றது. இரண்டு மூன்று தடவை மின்னி, இடி உருண்டது. பிறகு உச்சி மறைந்துபோயிற்று. ஆனால் எங்கள் மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மேலே எங்கோ மழை பெய்கிறது, நமக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டு குனிந்து அறுத்தேன். சமவெளிக்காரிக்கு அவ்வளவுதான் தெரியும்.

அவள் குரல் கேட்டது.

"ஏட்டி, மேல ஏறு."

நான் நிமிரவில்லை. மறுபடியும் ஏதோ திட்டுகிறாள் என்று நினைத்தேன். முதுகைக் காட்டிக்கொண்டு அறுத்தேன்.

"ஒன்னத்தான் சொல்லுதேன். ஏறுட்டி மேல."

திரும்பிப் பார்த்தேன். பெண்கள் துணிகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் பாறைமேல் நின்று ஒரு வெள்ளை வேட்டியைக் கையில் பிடித்திருந்தாள். அது கருப்பாக இருந்தது. அப்போதுதான் என் காலைப் பார்த்தேன். திட்டைச் சுற்றி ஓடின தண்ணீர் மசி மாதிரி ஆகியிருந்தது. கரித்துண்டுகளும் நுரையும் மிதந்து வந்தன. எரிந்த புல்லின் வாடை அடித்தது. எனக்கு அது என்னவென்று புரியவில்லை. கூடையில் பாதிதான் நிறைந்திருந்தது. இன்னும் நாலு பிடி அறுத்துக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன். அவள் சொல்லி நான் ஓடுவதா என்றும் ஒரு நினைப்பு இருந்தது.

அவள் வேட்டியைப் போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினாள். முட்டளவு தண்ணீர்தான். நாலே எட்டில் திட்டுக்கு வந்து, என் மேல்கையைப் பிடித்தாள். நான் உதறினேன். ஒரு அறை விட்டாள். காது அடைத்துக்கொண்டது. பிறகு என் கொண்டையைக் கொத்தாகப் பிடித்து, மாட்டை இழுக்கிற மாதிரி லயத்துக் கரைக்கு இழுத்தாள். பாதி வழியில் தண்ணீர் என் தொடைக்கு வந்துவிட்டது. நொடியில் அப்படி ஏறியது. ஒரு கட்டை என் முழங்காலில் இடித்தது. நான் விழுந்தேன். அவள் பிடியை விடவில்லை. கரையில் ஒரு வேரைப் பற்றி, என்னையும் இழுத்துப் போட்டுக்கொண்டு மேலேறினாள்.

அதன் பிறகுதான் சத்தம் வந்தது. லாரி லாரியாகக் கல் கொட்டுகிற மாதிரி. ஓடையின் வளைவில் கருப்பாக ஒரு சுவர் வந்தது. தண்ணீர் என்றே சொல்ல முடியாது. சாம்பல், சேறு, வெந்துபோன யூக்காலிப்டஸ் கட்டைகள், பாறைகள் எல்லாம் கலந்து ஒரு குழம்பாக வந்தது. நான் நின்றிருந்த திட்டு கண்ணெதிரே காணாமல் போயிற்று. மரப்பாலம் ஒரு தடவை முனகிவிட்டு அப்படியே எழுந்து மிதந்தது. புல் இருந்த வரைக்கும் அந்த மலை எத்தனையோ இடிமழையைத் தாங்கியிருக்கிறது. அந்தப் புல் இப்போது இல்லை.

எதிர்க்கரையில் பட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. என் கணவர் அரிவாளோடு உள்ளே ஓடுவது தெரிந்தது. மாடுகள் தாம்பை இழுத்துக்கொண்டு கதறின. நான் அவரைக் கூப்பிட்டேன். அந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஒரு மாடு வெளியே வந்தது. இன்னும் இரண்டு வந்தன. அவர் ஒவ்வொன்றாகத் தாம்பை அறுத்து விரட்டிக்கொண்டிருந்தார். ஏழு மாடுகளை எண்ணினேன். பெரிய கட்டை ஒன்று வந்து மூலைத் தூணில் மோதியது. தகரக் கூரை ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்தது. அவர் வெளியே வரவில்லை.

நடுவில் கடக்க முடியாத வெள்ளம். நான் கரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன். வாச்சர் வீட்டம்மா என் பக்கத்தில் நின்றாள். ஆறுதலாக ஒரு சொல் சொல்லவில்லை. நான் வெள்ளத்தில் இறங்கிவிடாமல் என் சேலை முந்தியை மட்டும் தன் கையில் சுற்றிப் பிடித்திருந்தாள்.

அரை மணி நேரம்கூட இருக்காது. வந்த வேகத்திலேயே வெள்ளம் வடிந்தது. அந்தக் கரையில் ஆபீஸ் பக்கமிருந்து ஆட்கள் வந்து தகரத்தைத் தூக்கினார்கள். அவர் உயிரோடு இருந்தார். ஒரு மாட்டின் உடம்பு குறுக்கே விழுந்து, தூண் அவர் மார்பில் விழாமல் தடுத்திருந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கியிருந்தது. நாலு மாடுகள் கட்டின இடத்திலேயே செத்துக்கிடந்தன.

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் அவரைப் படுக்கவைத்துக் கட்டுப் போட்டார்கள். எங்கள் அறை சேறாகிவிட்டதால் நான் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இருந்தேன். மூன்றாம் நாள் லயத்துக்குப் போனேன். அவள் வாசலில் துணிகளை மறுபடி அலசிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எதிலும் கருப்பு போகவில்லை.

"அக்கா, என்னைய எதுக்குங்க புடிச்சு இழுத்தீங்க?"

அவள் துணியை உதறினாள். "நீ செத்துட்டா எம் புருசன் பேரு அப்படியே நின்னு போவும்லா. யாரு வந்து உண்மையச் சொல்லுவா?"

அந்த நேரத்தில் அப்படி யோசித்துத்தான் அவள் இறங்கினாளா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு. யோசிக்க அங்கே நேரமே இல்லை. ஆனால் அவள் சொன்னது அதுதான்.

"எங்க ஊட்டுக்காரருதானுங்க வெச்சாரு. நானும் கூட நின்னேன். உங்க ஊட்டுக்காரரு மேல ஒரு தப்பும் இல்லீங்க."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும். எங்கிட்ட வந்து எதுக்குச் சொல்லுத? ஆபீசுல போயிச் சொல்லு."

திரும்பி வந்து கணவரிடம் சொன்னேன். அவர் படுத்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம் புள்ள. சொன்னா நம்மள இன்னிக்கே எறக்கி உட்ருவாங்க. இந்தக் கால வெச்சுட்டு நான் எங்க போறது? அண்ணன்மாரு ஊட்டு வாசல்ல போய் நிக்கச் சொல்றயா?" அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் காலை ஆபீஸுக்குப் போனேன். மனம் திருந்திப் போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவள் கையால் பிழைத்தவளாக, அவள் முகத்தில் தினமும் விழித்துக்கொண்டு அங்கே வாழ எனக்கு முடியவில்லை. அவளுக்கு நான் எதுவும் பாக்கி இல்லை என்று ஆகவேண்டும். அந்த வீம்புதான் என்னை நடத்திக்கொண்டு போனது.

துரை முழுவதையும் கேட்டார். கிளார்க் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். துரை ஜன்னல் வழியாகக் கரிந்த மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அன்றைக்கே சொல்லியிருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும்" என்றார். எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவில்லை. கணவரின் கால்கட்டைப் பிரிக்கும் வரை ஆஸ்பத்திரியில் இருக்கலாம், பிறகு போய்விட வேண்டும் என்றார். வாச்சரைக் கூப்பிட்டு, நிரந்தர வேலையைத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார்கள். ஆனால் மழைக்காலம் வருவதால் வாச்சர் வேலை அடுத்த தை மாதம்தான், அதுவரை ரோட்டு வேலையில் இருக்கட்டும் என்றார்கள். அந்தத் தை மாதத்தில் கொடுத்தார்களா என்று எனக்குத் தெரியாது.

நாங்கள் புறப்பட்டது மழைக்காலம் தொடங்கி ஒரு வாரம் கழித்து. என் கணவர் கட்டைக்கோலை ஊன்றிக்கொண்டு நடந்தார். என்னோடு பேசுவதை அவர் நிறுத்தியிருந்தார். புதிதாகப் போட்டிருந்த மூங்கில் பாலத்தில் வாச்சர் வீட்டம்மா கொழுந்துக் கூடையோடு எதிரே வந்தாள். இந்தத் தடவை அவள் திரும்பிப் போகவில்லை. பாலத்தின் நடுவில் நின்று எனக்கு வழி விட்டாள்.

"போய்ட்டு வாரனுங்கக்கா" என்றேன்.

"போ. ஆனா என்னமோ பெரிய நல்லது செஞ்சுட்டதா நெனச்சுக்கிட்டுப் போகாத. செஞ்சத ஒத்துக்கிட்ட. அம்புட்டுத்தான்."

அவளை எனக்கு அப்போதும் பிடிக்கவில்லை. அவளுக்கும் என்னைப் பிடித்திருக்காது.

மீனாட்சிபுரத்தில் அண்ணன்மார் எங்களுக்குத் தோட்டத்து ஓரத்தில் ஒரு குடிசை போட்டுக்கொள்ள இடம் விட்டார்கள். நான் நாலு வீட்டு மாடுகளைக் கறந்து கொடுத்தேன். அவர் கால் தேறினாலும் விந்தித்தான் நடந்தார். ஏறக்குறைய ஒரு வருஷம், மாட்டுக்குத் தண்ணீர் வைத்தாயா, கதவைச் சாத்தினாயா என்பது தவிர என்னிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தார். மலையைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார்.

எங்களுக்கு ஒரு பெண் பிறந்து, அவள் நடக்கத் தொடங்கிய பிறகு ஒரு மத்தியானம், நான் தவிட்டைக் கரைத்துக்கொண்டிருந்தேன். அவர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். கேட்காமலே சொன்னார்.

"அன்னிக்கு நீ போய்ச் சொல்லாட்டி, நானா ஒரு நாளைக்குப் போய்ச் சொல்லியிருப்பேன்னு நெனைக்கறயா?"

யோசித்துப் பார்த்தேன். அவருக்குச் சந்தோஷமான பதிலைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

"இல்லீங்க. நீங்க சொல்லியிருக்க மாட்டீங்க."

"ஆமா. நானும் அப்படித்தான் நெனைக்கறேன்" என்றார். பிறகு எழுந்து, தவிட்டுத் தொட்டியின் இன்னொரு பக்கத்தைப் பிடித்தார். இருவருமாகத் தூக்கிக்கொண்டு மாட்டிடம் போனோம்.